பல் பிடுங்கியவருக்கு ஒரு கப்

தினேஷ்பாபுவின் கடைசி ஞானப்பல்லைப் பிடுங்கி முடித்ததும் டாக்டர் மனதாரப் பாராட்டினார். "சுகரை இவ்வளவு கட்டுப்பாட்டுல வெச்சிருக்கிற பேஷண்ட்டை நான் பார்த்ததே இல்ல சார்."

பாகற்காயும் நடையுமாக ஒரு மனிதன் ஏன் தவம் கிடக்கிறான் என்று டாக்டருக்கு என்ன தெரியும்? சர்க்கரை நோயாளிகளின் தோளில் அரசு சென்சாரை ஒட்டிய நாள் முதலாக, அவர்கள் நுழைந்தாலே ஈரோட்டு பேக்கரிகளின் கண்ணாடி அலமாரிகள் தாமாகவே பூட்டிக்கொண்டன. அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. பல் பிடுங்கியவர்களுக்கு மட்டும், ரத்தக் கசிவு நிற்க, ஒரு கப் ஐஸ்கிரீம் உண்டு. ஆனால் சர்க்கரை அடங்கியிருந்தால்தான் பல்லில் கையே வைப்பார்கள்.

தினேஷ்பாபுவுக்காக பேக்கரி அலமாரி திறந்தது. அவர் மனைவி கீர்த்தனாவுக்கும் தோளில் சென்சார் இருந்ததால், தான் நுழைந்தால் அலமாரி மறுபடி பூட்டிக்கொள்ளுமென்று வாசலிலேயே நின்றபடி அவரைத் திட்டினார்.

"வலிக்காத பல்லையெல்லாம் புடுங்கிட்டு வர்றீங்களே, வெக்கமா இல்லீங்களா? ஞானப்பல்லும் தீந்துபோச்சு. இனி என்ன பண்ணுவீங்க?"

"முன்பல்லு இருக்கே," என்றார் அவர், குழறலாக.

பாதி நாக்கு மரத்திருந்தது. மீதிப் பாதியில் வெண்ணிலா கரைய, தினேஷ்பாபு கண்களை மூடிக்கொண்டார்.

கடைசிக் கரண்டி வரை கீர்த்தனா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கன்னத்தில் கையை வைத்தார்.

"ஏனுங்க, எனக்கும் இந்தப் பக்கம் லேசா வலிக்குதுங்க. நாளைக்குக் காலைல இருந்து நானும் உங்ககூட நடக்க வர்றேன்."