சிசிடிவி அக்கா

"கதவைத் திறக்காதீங்க அண்ணே! வந்திருக்கறது யார் தெரியுமா? சிசிடிவி!"

கதவுத் துளையிலிருந்து கண்ணை எடுத்த பாட்டு டீச்சர் தாழ்ப்பாளை இன்னொரு தரம் அழுத்திப் போட்டாள்.

அறையில் இருந்த மற்ற ஆறு பேரும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

ஏழு பேரும் ஒரு காலத்தில் ஒரே ஜெப ஊழியச் சபையில் இருந்தவர்கள். அதை நடத்தியவரை 'அப்பா' என்றுதான் கூப்பிட வேண்டும். பெற்ற அப்பாவை அப்படிக் கூப்பிடக் கூடாது. யார் எங்கே வேலை பார்ப்பது, யார் யாரைக் கட்டிக்கொள்வது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். ஒவ்வொருவராய் அங்கிருந்து விரட்டப்பட்டு, இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் டிரைவர் வீட்டு மாடியில் கூடிப் பழசைப் பேசுவார்கள். பேசப் பேச மனசு லேசாகும். சில நாள் சிரிப்புகூட வரும்.

சிசிடிவி என்று இவர்கள் பேர் வைத்தவள் அங்கே ஆபீஸில் டைப் அடித்தவள். எந்த மூலையில் யார் முணுமுணுத்தாலும் அவள் காதுக்குப் போய்விடும். மறுநாள் 'அப்பா' மேஜையில் புகார் இருக்கும். இந்த ஏழு பேரையும் விரட்ட வைத்தது அவள் எழுதிய புகார்கள்தான்.

"வேவு பார்க்க வந்திருப்பா. அப்படியே அனுப்பிடுங்க," என்றாள் மருந்துக் கடைக்காரர் மனைவி.

டிரைவர் எழுந்தார். "மூஞ்சியில கதவைச் சாத்தறது அவங்க பழக்கம்மா. நமக்கும் அதேவா?"

கதவைத் திறந்துவிட்டார்.

சிசிடிவி உள்ளே வந்தாள். தலை முழுக்க நரைத்து, ஆள் பாதியாய் இளைத்திருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தானாகவே உட்கார்ந்தாள்.

பாட்டு டீச்சரால் பொறுக்க முடியவில்லை. நாலு வருஷமாய் அடக்கி வைத்தது வெடித்தது.

"என்னைப் பத்தி என்ன எழுதினீங்க? ஜெப நேரத்துல கீபோர்டுல சினிமாப் பாட்டு வாசிச்சேன்னு! நான் என்னைக்கு வாசிச்சேன்?"

"நீ வாசிக்கல."

"அப்புறம்?"

"பொய்தான் எழுதினேன்."

அவள் அவ்வளவு சாதாரணமாய்ச் சொன்னதும் டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்தப் பொய்யால எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு சபைப் பதிவுல என் பேரை அடிச்சாங்க. கூடப் பொறந்த மாதிரி பழகினவங்க ரோட்டுல பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. ஆறு மாசம் நான் சரியாத் தூங்கல!"

"தெரியும்மா."

"எங்க கதை மட்டும் என்ன?" என்று மருந்துக் கடைக்காரர் பாய்ந்தார். "சபையில தடை பண்ணினதை மீறி பொண்ணு பொறந்தநாளுக்கு கேக் வெட்டினோம்னு எழுதினீங்க. அவ பொறந்தநாளுக்கு இன்னும் நாலு மாசம் இருந்துச்சு!"

"தேதி சரியாத் தெரியல தம்பி. அவசரத்துல எழுதிட்டேன்."

"பொய் எழுத என்ன அவசரம்?"

அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள். "அந்த மாசம் 'அம்மாவைப் பார்க்கணும், என்னை அனுப்பிடுங்க'ன்னு நீ கேட்டுக்கிட்டே இருந்தே. அப்படிக் கேட்டவங்களை என்ன பண்ணுவாங்க?"

அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். போகணும் என்று கேட்டால் பிசாசு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். உபவாச வீட்டில் பூட்டி வைத்து ஜெபிப்பார்கள். நாற்பது நாள் கழித்து வெளியே வந்தவர்கள் அதற்கப்புறம் எதையுமே கேட்டதில்லை.

"உபவாச வீட்டுக்குப் போறவங்க லிஸ்ட்டை டைப் அடிக்கிறது நான்தான். திங்கக்கிழமை உன் பேர் வந்துச்சு. வியாழக்கிழமை கூட்டிட்டுப் போறாங்க. லிஸ்ட்ல இருந்து உன் பேரை எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா சபையில இருந்தே எடுக்க வைக்க ஒரு புகார்க் காகிதம் போதும்."

மருந்துக் கடைக்காரர் குரல் இறங்கியது. "அப்போ எங்க பொண்ணு?"

"'அப்பா'வோட தம்பி மகனுக்குன்னு முடிவாயிருந்துச்சு. படிப்பை நிறுத்தி, கல்யாணத் தேதியும் குறிச்சாச்சு. உங்ககிட்ட சொல்றதுதான் பாக்கி."

அவர் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மகள் இப்போது காலேஜில் கடைசி வருஷம்.

"கெஞ்சினவங்களை 'அப்பா' வெளியே விட்டதே இல்ல," என்றாள் சிசிடிவி. "விரட்டினவங்ககிட்டதான் பேசக் கூடாது, அவங்களைத் தேடக் கூடாதுன்னு அவரே சட்டம் போட்டு வெச்சிருந்தார். அந்தச் சட்டத்துக்குள்ள நீங்க பத்திரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

டீச்சர் தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா அன்னைக்கு நீ அப்படி அழுதிருப்பியா? நீ அழுததாலதான் அவங்க நம்பினாங்க."

டிரைவர் அவளிடம் டீயை நீட்டினார். "எங்களை எல்லாம் நீங்க எழுதி அனுப்பினீங்க. உங்களை யாருக்கா எழுதி அனுப்பினாங்க?"

"என்னைப் பத்தி யாரு தம்பி எழுதுவா? என் நிழலைக் கண்டாலே ஓடுவாங்களே! அனுப்ப வேண்டியவங்களை எல்லாம் அனுப்பியாச்சு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, போன வாரம் நானே இடது கையால என்மேல ஒரு மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டேன்."

"ஐயோ! என்னன்னு?"

"'இந்தம்மா பொய்ப் புகார் எழுதறா'ன்னு. இத்தனை வருஷத்துல நான் எழுதின ஒரே உண்மை அதுதான்."