கீழத்தெரு அன்னக்கொடி

அன்னக்கொடி வீட்டு வாசலில் அன்று காலை இரண்டு கறவை மாடுகள் நின்றன. இரண்டும் பக்கத்து வீட்டு மலையம்மாளுடையவை. உள்ளே போட்டிருந்த நாற்காலி இரவல். பின்சுவரில் தொங்கிய ஜமக்காளமும் இரவல்.

பின்சுவர் என்று சொல்வதே தப்பு. போன ஐப்பசி மழையில் அது விழுந்துவிட்டது. யூனியன் ஆபீஸில் முதலில் கொடுத்த உதவி கூரைக்கே சரியாகப் போயிற்று. சுவர் எழுப்ப மேல்கொண்டு உதவி கேட்டு மனுப் போட்டிருந்தாள். இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை. அடுத்த மழை நெருங்கிக்கொண்டிருந்தது.

நாற்காலியில் முத்திருளன் உட்கார்ந்திருந்தார். அன்னக்கொடியின் மகளைத் தம் மகனுக்குப் பார்க்க நாலைந்து ஊர் தள்ளியிருந்து வந்தவர். சலவை வேட்டி, கையில் கடிகாரம்.

“மாடு என்ன தங்கச்சி, பக்கத்து வீட்டு ஆத்தாளையே பாத்துக் கத்துது?”

“அவதாண்ணே தண்ணி காட்டுவா. நன்றியுள்ள மாடு.”

வாசலில் நின்ற மலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வீடு கெட்டியாத்தான் இருக்கு” என்று முத்திருளன் சுற்றிலும் பார்த்தார். “நம்ம வீடும் இப்படித்தான். யானைய விட்டு முட்டுனாலும் அசையாது.”

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் வந்து நின்றது. கைப்பையோடு ஒரு மெலிந்த மனிதர் இறங்கினார். அவர் வாயைத் திறக்குமுன்பே முத்திருளன் எழுந்து நின்றுவிட்டார். பெரிய மனிதர், மரியாதை தெரிந்தவர் என்று அன்னக்கொடி நினைத்துக்கொண்டாள்.

“யூனியன் ஆபீஸ்ல இருந்து வாரேன். பேரு ஹரிராம். அன்னக்கொடிங்கிறது யாரும்மா? செவுரு விழுந்துருச்சு, இன்னும் உதவி வேணும்னு மனுப் போட்டிருந்தீங்கள்ல?”

அன்னக்கொடிக்கு முகம் கொதித்தது. ஆமாம் என்றால் சுவர் எழும்பும், சம்பந்தம் விழும்.

“அது நான் இல்ல சார். கீழத்தெருவுல ஒரு அன்னக்கொடி இருக்கா.”

“மனுவுல மேலத்தெருன்னுல்ல இருக்கு?”

“தப்பா எழுதியிருப்பா சார். பாவம், இல்லாதப்பட்டவ.”

காற்றில் ஜமக்காளம் உப்பி அடங்கியது. ஹரிராம் அதைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “இன்னிக்குப் பாத்து எழுதலேன்னா மனு தள்ளுபடியாயிரும்மா. மறுபடி வரமாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க.”

“நம்ம வீட்டுக்கு எதுக்கு சார் கவர்மெண்டு உதவி?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் காதுக்கே நாராசமாக இருந்தது.

சைக்கிள் நகர்ந்தது. “வெத்தலையத் துப்பிட்டு வாரேன் தங்கச்சி” என்று முத்திருளனும் வெளியே போனார்.

அன்னக்கொடி தலை குனிந்து நின்றாள். மாடும் நாற்காலியும் இரவல் வாங்கியது போதாதென்று, சொந்தப் பேரையும் இல்லாத ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று. மழைக்கு மகளை எங்கே படுக்க வைப்பது?

சட்டென்று ஜமக்காளத்தை விலக்கிக்கொண்டு, சுவர் இல்லாத வழியாகவே பின்சந்தில் இறங்கினாள். தெருமுனைக்கு அதுதான் குறுக்குவழி. காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

முனையில் வைக்கோற்போர் ஓரமாகச் சைக்கிள் நின்றிருந்தது. ‘சார்’ என்று கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு முத்திருளன் தாழ்ந்த குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“நானும் மனுப் போட்டிருக்கேன் சார், இவுகளுக்குத் தெரியாம எங்க வீட்டையும் ஒரு எட்டு வந்து பாருங்க.”