வெள்ளிக்கிழமை முயல்

“காதை விட்டுட்டியே மாப்ளே. காதுல ஊத்து, காதுல.”

மோட்டார் அறைக்குப் பின்னால் குத்தவைத்து, துள்ளுகிற முயலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தான் முனியசாமி. அஸீம் கெட்டிலைச் சாய்த்தான். ஆறிப்போன கடுந்தேநீர் வழிந்து, வெள்ளை முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாக்கியது.

“ஏன்டா, அஜ்மான் சந்தையில பழுப்பு முயலே இல்லையா?”

“இருந்ததெல்லாம் வெள்ளைதான். கலர் சொல்லி வாங்கிட்டு வர இது என்ன சட்டையா?”

துபாயிலிருந்து தள்ளி, அல் தைத் பக்கத்தில் இருந்த அந்தப் பேரீச்சைத் தோட்டத்தில் முனியசாமி தண்ணீர் பாய்ச்சுகிறவன். அஸீம் சமையல்காரன். எப்போதோ கூண்டு உடைந்து ஓடிய பழுப்பு முயல்கள் பெருகி, ஆட்டுக்காகப் போட்டிருந்த புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை மாலையானால் தோட்டத்து முதலாளி, அவர்கள் வாயில் அர்பாப், புல்வெளி ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியோடு உட்கார்ந்துவிடுவார். அடிபட்ட முயலை உயிர் போவதற்குள் எடுத்து, அல்லாஹ் பெயர் சொல்லி அறுத்தால்தான் அது அவர் தட்டுக்கு வரும். ஓடுவது முனியசாமி. அறுப்பது அஸீம்.

அர்பாபின் கண் மங்கி, முயல் விழாமல் போக ஆரம்பித்ததும் இருவரும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சந்தை முயலோடு அஸீம் புல்வெளிக்கு அப்பால் மறைவாக நிற்பான். வெடிச் சத்தம் கேட்டதும் அறுப்பான். கழுத்தில் கத்தி விழுந்த முயலில், குண்டு பட்ட இடத்தை யார் தேடப்போகிறார்கள்?

இன்றைக்குத் தேட ஆள் வந்திருந்தது. துபாயில் டாக்டராக இருக்கும் மகள் ஸஹ்ரா.

மத்தியானச் சாப்பாட்டின்போதே அவள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். கண் தெரியாதவர் துப்பாக்கி பிடித்தால், ஒருநாள் குண்டு முயல்மேல் படாது, முயலை எடுக்க ஓடுகிற முனியசாமிமேல்தான் படும். தோட்டத்தை விடுமுறை வாடகைக்கு விடும் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, அப்பா தன்னோடு துபாய்க்கு வந்துவிட வேண்டும்.

அர்பாப் அசரவில்லை. சாயங்காலம் நீயே வந்து பார், முயல் விழவில்லையென்றால் உன் காரில் ஏறிக்கொள்கிறேன் என்றுவிட்டார்.

தோட்டம் கைமாறினால் இரண்டு பேருக்கும் விசா கேன்சல். முனியசாமியின் மகள் இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள்.

வெயில் சாய்ந்தது. அர்பாப் தோட்டாவை எடுத்துத் துப்பாக்கிக்குள் போட்டார். தோட்டாவை மட்டும் யாரையும் தொடவிடமாட்டார். ஸஹ்ரா கைகட்டி அவர் பின்னால் நின்றாள். புல் அசைந்தது. அர்பாப் துப்பாக்கியைத் தூக்கினார்.

அமுங்கலாக ஒரு சத்தம். துப்பாக்கிக்கும் வயசாகிவிட்டது என்று முனியசாமி வழக்கம்போல நினைத்துக்கொண்டான்.

“யல்லா, முனி.”

ஓடினான். அஸீம் நீட்டிய முயலை வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். வாய்க்காலில் விழுந்துவிட்டது, அதனால்தான் ஈரம் என்று கேட்காமலே சொன்னான். அர்பாபின் முகம் மலர்ந்தது.

ஸஹ்ரா முயலை வாங்கிப் புரட்டினாள். கழுத்தைப் பார்த்தாள். காதைத் தடவினாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

சின்ன வயதிலிருந்து வேலைக்காரர்களோடு பேசிப் பழகிய இந்தியில் அமைதியாகக் கேட்டாள்: “முனி பாய், நம்ம தோட்டத்து முயல் எப்பலேருந்து டீ குடிக்குது?”

பின்னாலேயே வந்த அஸீம் கத்தியைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான். முனியசாமிக்கு வேறு வழியில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். தப்பு எங்களுடையது, அர்பாபுக்கு ஒன்றும் தெரியாது, அவரைத் திட்டாதீர்கள் என்று கெஞ்சினான்.

ஸஹ்ரா கோபப்படவில்லை. அப்பாவின் காலருகே உட்கார்ந்தாள்.

“பாபா, இவங்க உங்கமேல இருக்கிற பிரியத்துல செஞ்சிருக்காங்க. ஆனா எனக்கு இப்பத்தான் பயம் அதிகமாகுது. முயல்மேல படலைன்னா, இத்தனை வாரமா நீங்க சுட்ட குண்டெல்லாம் எங்க போச்சு? இவர் ஓடுற பக்கம்தானே?”

இதை முனியசாமி ஒருநாளும் யோசித்ததில்லை.

“இவர்மேல ஒரு குண்டுகூடப் படாதுன்னு காட்டுங்க பாபா. நான் பேசாமப் போயிடறேன். தோட்டமும் இருக்கட்டும், நீங்களும் இங்கேயே இருங்க.”

அர்பாப் குனிந்து, நாற்காலிக்கு அடியில் எப்போதும் இருக்கும் பழைய பேரீச்சம்பழ டப்பாவை இழுத்தார். ஒரு கையால் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் எடுத்து மகள் மடியில் வைத்தார்.

ஸஹ்ரா மூடியைத் திறந்தாள். உள்ளே விளிம்புவரை, மிளகு மிளகாக ஈயக் குண்டுகள்.

“எல்லாம் இங்கதான் இருக்கு. கண்ணு மங்க ஆரம்பிச்ச அன்னைக்கே தோட்டாவையெல்லாம் பிரிச்சு, குண்டை இதுல கொட்டிட்டேன், மருந்து மட்டும்தான் வெடிக்குது” என்ற அர்பாப், முனியசாமி நின்ற திசைக்குத் திரும்பினார். “வேட்டையை நிறுத்தினா எனக்குக் கண்ணு தெரியலைன்னு புரிஞ்சுக்கிட்டு இவ தோட்டத்தை மூடி உங்களை ஊருக்கு அனுப்பிடுவாளேன்னு வெறும் சத்தம் போட்டுக்கிட்டிருந்தேன், நீ என்னடான்னா திடீர்னு ஒருநாள் முயலோட வந்து நின்னே.”