காரம் ஏறிய கதை

"அன்னைக்கு இவ பண்ண கூத்தைக் கேளுங்க சம்பந்தி!" என்று அத்தையைக் காட்டி மாமா ஆரம்பித்ததுமே மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணமாகி வந்த இந்தச் சில மாதங்களில் இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டுவிட்டாளோ, கணக்கே இல்லை. இன்றைக்கு அவளுடைய அப்பா அம்மாவுக்கும் அந்தப் பாக்கியம்.

இரண்டு வீட்டாரும் சேர்ந்து வெளியே சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. ஊரில் வேறு கடையே இல்லாத மாதிரி, "நம்ம பழைய நூடுல்ஸ் கடைதான்" என்று மாமா ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். உள்ளே நுழைந்ததிலிருந்து ஒரே ஞாபகப் படலம்தான்.

"அப்போ இந்தச் சுவர் பூரா கண்ணாடி இருக்கும். நாற்காலியெல்லாம் சிவப்பு. இப்போ எல்லாத்தையும் மாத்திட்டான். சூப் வாசனை மட்டும் அப்படியே இருக்கு பாருங்க!"

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவர் மாமா இல்லையே.

"எங்களுக்குச் சம்பந்தம் பேசினதே இங்கதான். இதே ஜன்னலோர மேஜை. ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் சுத்தி உக்காந்திருக்காங்க. இவ என்ன பண்ணா? தக்காளி சாஸ்னு நெனச்சு மிளகாய் சாஸை அரை பாட்டில் ஊத்திக்கிட்டா!"

"ஐயையோ!" என்றார் அவள் அப்பா, மரியாதைக்கு.

"கண்ணுல அருவி! கடையே திரும்பிப் பாக்குது. நான்தான் ஓடிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்து அணைச்சேன். இல்லேன்னா தீயணைப்பு வண்டியைத்தான் கூப்பிட்டிருக்கணும்!"

மாமா மேஜையைத் தட்டிச் சிரித்தார். பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த அவள் கணவனும் இப்போதுதான் முதல்முறை கேட்பவன் போலச் சிரித்தான். அத்தை மட்டும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மருமகள் தன் கிண்ணத்தைத் தொடவே இல்லை. கோபத்தில் பசி போன இடம் தெரியவில்லை.

அவள் கவலை அத்தைக்காக மட்டுமல்ல. போன வாரம் குழம்பில் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரை போட்டுவிட்டாள். கணவன் அதை ஆபீஸில் பாதிப் பேருக்குச் சொல்லிச் சிரித்தாயிற்று. அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை. இன்னும் இருபது முப்பது வருஷம் போனால், இதே மேஜையில் தன் மானமும் கப்பலேறும்.

அத்தை கை கழுவ எழுந்தாள். மருமகளும் பின்னாலேயே போனாள்.

"எப்படி அத்தை பொறுத்துக்கறீங்க? எங்க அப்பா அம்மா முன்னாடிகூட உங்களைக் கேலி பண்றாரு. இன்னைக்கு நான் கேட்டுடப் போறேன்."

"என்னத்தைக் கேப்ப?"

"சாஸை மாத்தி ஊத்தறது ஒரு குத்தமா? யாருக்கும் நடக்கறதுதானே!"

அத்தை குழாயை மூடினாள்.

"நான் எங்கம்மா ஊத்தினேன்? அன்னைக்கு ஒரு வாய்கூட வைக்கலையே."

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சின்ன வயசுல எங்க அப்பா என்னை இங்கதான் கூட்டிட்டு வருவாரு. அந்த ஜன்னலோர நாற்காலி அவரோடது. எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துட்டு, நான் சாப்பிடறதையே பாத்துட்டு இருப்பாரு. அவர் போய் ஒரு வருஷம்கூட ஆகல, சம்பந்தம் பேச வந்துட்டாங்க. இங்க வந்து பாத்தா, அதே நாற்காலியில உங்க மாமா உக்காந்திருக்காரு. என்னால அடக்க முடியல."

"அச்சச்சோ..."

"'பொண்ணுக்கு இஷ்டமில்லையா?'ன்னு அவங்க அம்மா எழுந்தே நின்னுட்டாங்க. எங்க பெரியப்பா முறைச்ச முறைப்புல எனக்கு உயிரே போச்சு. உங்க மாமா சட்டுனு என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிட்டு, 'பாவம், சாஸை மாத்தி ஊத்திட்டாங்க, நான் பாத்தேன்'னு சொல்லிட்டு ஐஸ்கிரீம் வாங்க ஓடிட்டாரு. ஏன் அழுதேன்னு அவருக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல."

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரியப்பாவுக்குக் கடைசிவரைக்கும் சந்தேகம் தீரல. அவர் பேச்செடுக்கறதுக்குள்ள இவர் இந்தக் கதையை ஆரம்பிச்சுடுவாரு. அப்படியே பழகிடுச்சு. எல்லாரும் சிரிக்கறாங்க, எனக்கு எங்க அப்பா ஞாபகம் வருது. நல்லாத்தான் இருக்கு. சொல்லிட்டுப் போகட்டும் விடு."

மேஜைக்குத் திரும்பியபோது மருமகளின் கண்கள் நிறைந்திருந்தன. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. பெற்றவள் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு? என்னாச்சு?"

அம்மாவின் பார்வை மாப்பிள்ளை மேல் போனது. பிறகு அத்தை மேல். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

மருமகள் வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். புகுந்த வீட்டில் பெண்ணுக்கு என்னவோ என்று அம்மா இன்று ராத்திரி தூங்கமாட்டாள்.

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"போச்சுடா! மாமியார் மாதிரியே மருமகளும் சாஸை மாத்தி ஊத்திக்கிட்டாளா? நம்ம வீட்டுக்கு வாக்கப்படுற பொண்ணுங்களுக்கே இந்தக் கடைக் காரம் ஆகாது சம்பந்தி! தம்பி, ஓடிவா, ஒரு ஐஸ்கிரீம்!"

அம்மாவுக்குப் போன உயிர் வந்தது. "அதானா! நான் என்னவோன்னு பயந்துட்டேன்" என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே, மருமகள் இன்னும் தொடவே தொடாத கிண்ணத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார் மாமா.