கிடங்கு மனைக் கல்

"இடம் குடுத்தவன் பேரையே கொத்தி எடுத்திருக்கீங்களே, இது நியாயமா?"

காலி மனையின் இரும்பு கேட்டுக்குப் பூட்டு மாட்டியபடியே கத்தினார் ஜானகிராமன்.

சதுரங்கப்பட்டினத்தில் அன்று கல்லறைத் திருநாள். சாயங்கால வெளிச்சத்தில் காலனி ஜனங்கள் பூவும் மெழுகுவத்தியுமாய் வெளியே நின்றார்கள்.

கோட்டையில் டச்சுக்காரன் இருந்த பஞ்ச காலத்தில், அவர்களுடைய முன்னோரை அடிமைகளாய் விலைக்கு வாங்கி அடைத்து வைத்த கிடங்கு அந்த மனையில்தான் இருந்தது. அடைத்தவர்கள் ஜானகிராமனின் முன்னோர். கப்பலேறிய ஒருத்தரும் திரும்பவில்லை.

வருஷா வருஷம் எல்லாக் கல்லறைக்கும் ஏற்றிய பிறகு, காலனியில் மூத்தவளான செங்கம்மாளின் அம்மா அந்தக் காலத்தில் ஒரு மெழுகுவத்தியைக் கடற்கரை மணலில் நடுவாள். கல்லறை இல்லாமல் போனவர்களுக்காக. காற்றில் நிற்காது. அணைய அணைய ஏற்றுவாள். பக்கத்தில் உட்கார்ந்து, குட்டிப் பாவாடையை விரித்துக் காற்றை மறைத்தது செங்கம்மாளுக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால்தான் காலனியில் கூட்டம் போட்டு, "பணம் வேணாம். அந்த மனையைக் குடுங்க. போனவங்களுக்கு ஒரு கல்லறை கட்டிக்கிறோம்" என்று ஜானகிராமனிடம் கேட்டார்கள். நடையாய் நடந்தார்கள். அவரும் ஒருவழியாய்ச் சம்மதித்தார். திங்கட்கிழமை பத்திரப் பதிவு. அதற்குள் வாசலில் ஒரு சலவைக்கல்லைப் பதித்துவிட்டார்.

'இடம் உபயம்: ஜானகிராமன் - ராஜம் குடும்பத்தார்.'

இப்போது வந்து பார்த்தால் அந்த வரி முழுக்க உளியால் கொத்தி அழிக்கப்பட்டிருந்தது.

"எங்க ஆளுங்க யாரும் கை வெக்கல சார்" என்றார் காலனித் தலைவர் ராமதாஸ்.

"பின்ன கல்லு தானா அழிச்சுக்கிச்சா? பத்திரமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. போங்க."

வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் முணுமுணுத்தார். "கோயிலுக்கு டியூப்லைட் குடுக்கிறவனே வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பேர் எழுதுறான். மனையையே குடுத்தவர் போட்டுக்கக் கூடாதா? நன்றி கெட்ட ஜனம்."

செங்கம்மாள் மெழுகுவத்தியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வாங்க போலாம். மணலாண்டையே ஏத்திக்கலாம். நமக்கு இன்னா புதுசா?"

கூட்டம் திரும்பியது.

"செங்கம்மா, கொஞ்சம் நில்லு."

வீட்டிலிருந்து வேகமாய் வந்தாள் ராஜம். புருஷனிடம் சாவிக்குக் கை நீட்டினாள்.

"அவங்களைத் திட்டாதீங்க. மத்தியானம் நீங்க தூங்கும்போது, பாத்திரத்துல பேர் வெட்டுறவர் தெருவுல வந்தாரு. நாந்தான் கூட்டிட்டுப் போய்க் கொத்தி எடுக்கச் சொன்னேன்."

"நீயா? உன் பேரும்தானே அதுல இருந்துச்சு?"

"இருந்துச்சு. சாமி முன்னாடி விளக்கேத்தி உட்கார்ந்தா அந்தக் கல்லுதாங்க கண்ணுல வந்து நிக்குது."

சாவியை அவளே அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். கேட்டை அகலமாய்த் திறந்துவிட்டுச் சொன்னாள்:

"அடுத்த வூட்டு அண்டாவைத் திருப்பிக் குடுக்கும்போது, அதுல நம்ம பேரை வெட்டியாங்க குடுப்போம்?"