காத்தமுத்துவின் பேட்டி

"பேட்டி... பேட்டி..."

காத்தமுத்துவின் வலது பக்கம் முழுக்கச் செயலிழந்து கிடந்தது. இடது கையால் உமா மகேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உமாவுக்குக் குமட்டியது. வார்டின் நாற்றம் ஒரு பக்கம். இந்த மனிதரின் மகளை நினைத்தபோது அதைவிட அதிகமாகக் குமட்டியது.

இந்தியில் பேட்டி என்றால் மகள். போர்ட் பிளேரில் எந்த வீட்டுப் பெரியவரும் எந்த வீட்டுப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த உமாவுக்கு அது காது பழகிய வார்த்தை. சொல்லப்போனால், காத்தமுத்து வயதுக்காரர்கள் பேசுகிற பழைய தமிழ்தான் அவளுக்குப் பாதி புரியாது.

நர்சிங் மூன்றாம் ஆண்டு. மதியம் மேடம் முன்னால் அவள் ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சு சரியாக வராவிட்டால் இந்த வார்டிலேயே இன்னொரு மாதம் கிடக்க வேண்டும். அதற்குக் காத்தமுத்துவைவிட நல்ல ஆள் கிடைப்பாரா? நியூரோவுக்குப் பக்கவாதம், ஃபார்மகாலஜிக்குத் தட்டு நிறைய மருந்து, சைக்காலஜிக்குக் கைவிடப்பட்ட தகப்பன். மூன்று பாடமும் ஒரே கட்டிலில் படுத்திருந்தது.

அந்த வார்த்தையில் 'ட' மட்டும் அவர் நாக்கில் நிற்காமல் வழுக்கியது. பக்கவாதம் வந்த நாக்கு அப்படித்தான் குழறும் என்று உமா படித்திருந்தாள். படித்தது கண் முன்னால் நடப்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பிரிஸ்கில்லா வாசலோடு நின்றுகொண்டாள். கூடப் படிக்கிறவள், துப்பட்டாவை மூக்கில் வைத்து அழுத்தியிருந்தாள்.

"ச்சீ! என்னடி இந்த நாத்தம்? குடல் வாய்க்கு வந்துரும் போல இருக்கு."

"டாய்லெட்டுக்குப் பக்கத்து பெட். மழையில கதவு ஊதிப்போயி சாத்தவே மாட்டேங்குது" என்றாள் உமா. மாஸ்க்குக்குள் தைலம் தடவியும் பயனில்லை. அதனால் அவள் தலைமாட்டைத் தாண்டிக் கால்மாட்டுப் பக்கம் போவதே இல்லை.

"பாவம், வயித்த வேற பிசைஞ்சுக்கறாரு பாரு."

"வயிறு எரியுதுன்னு காட்டறாரு. பெத்த பொண்ணு இப்படிப் பண்ணா எரியாதா?"

அந்தப் பெண்ணிடம் உமா நேற்றுக் காலையிலேயே போனில் பேசியிருந்தாள். வசந்தகுமாரி; ஹட்பே தீவில் மெஸ் நடத்துகிறவள். இங்கே ஜங்லிகாட்டில் தனியாக இருந்த அப்பா விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"ஷிப் கேன்சல் ஆயிருச்சும்மா. கடல் சரியில்ல. ஜெட்டியிலயேதான் கெடக்கேன்" என்றாள்.

"இந்த பஹானா, சாக்கு எல்லாம் வேணாங்க. வர மனசு இருந்தா வந்திருப்பீங்க."

போனை வைத்த பிறகும் உமாவின் வாயில் கசப்பு போகவில்லை. மனுஷ ஜென்மங்கள்!

தட்டிலிருந்து இனிப்பு சிரப்பை எடுத்தாள். படுக்கையில் கிடப்பவருக்கு வயிறு கட்டிக்கொள்ளும் என்று டாக்டர் எழுதியது. வேளை தவறாமல் அவளே ஊட்டி வந்தாள். காத்தமுத்து ஸ்பூனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பேட்டி! பேட்டி!" என்று கதறினார்.

"அழாதீங்க தாத்தா. அவங்க வரலைன்னா என்ன? நான்தான் உங்க பேட்டி. இந்தாங்க, குடிங்க."

கட்டாயப்படுத்தி ஊட்டினாள். கிழவர் அவளைப் பார்த்த பார்வையில் உமாவுக்கே கண் கலங்கிவிட்டது. அன்புக்கு ஏங்கிய பார்வை என்று மதியம் மேடத்திடம் சொல்லத் தீர்மானித்தாள்.

இன்னொரு ஸ்பூன் ஊற்றும்போது, நனைந்த சேலையும் கையில் பையுமாக ஒரு பெண் வார்டுக்குள் ஓடி வந்தாள்.

"எப்பா!"

உமாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! ஸ்பூனும் கையுமாக வழி மறித்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? ராத்திரி பகலா உங்களைத்தான் கூப்பிட்டு அழுவுறாரு. பேட்டி, பேட்டின்னு! உங்களைப் பாத்தாலே அருவருப்பா இருக்கு."

பிரிஸ்கில்லா வாசலிலிருந்து உமாவை மெச்சுகிற மாதிரி பார்த்தாள்.

"பேட்டியா?" என்றாள் வசந்தகுமாரி குழப்பமாக. "எங்கப்பா என்னைய 'ஏ புள்ள'ன்னுல்ல கூப்பிடுவாரு."

அப்பாவின் வாயருகே காதைக் கொண்டுபோனாள். காத்தமுத்து மகளைப் பார்த்ததும் இருந்த உயிரையெல்லாம் திரட்டி அதே வார்த்தையை மறுபடி சொன்னார். இடது கை வயிற்றைப் பிசைந்தது.

அவள் சட்டென்று நிமிர்ந்து கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைத் தூக்கினாள். பிரிஸ்கில்லா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

வசந்தகுமாரி உமாவின் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தாள்.

"மொதல்ல அந்த மருந்தக் கீழ வையி தாயி... அவரு சொல்றது பேட்டி இல்ல, பேதி!"