மிளகாய்ச் செடிக்கு மட்டும்

"தண்ணி சொட்டுதாக்கா? தொட்டிக்கு அடியில தட்டு வச்சிருந்தேனே. மன்னிச்சுக்கோங்க, இனிமே பாத்து ஊத்துறேன்."

கதவைத் திறந்ததுமே மருமகள் முந்திக்கொண்டாள். கையில் பூவாளி. வாசலில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றாள்.

"தண்ணி இல்லம்மா. நீ செடிங்ககிட்ட பேசுறியே, அது."

"அது?"

"என் மெஷின் உன் பால்கனிக்கு நேர் கீழ இருக்கு. ஒண்ணு விடாம கேக்குது."

மருமகளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை அவளுக்கு. வலியோடு வருகிறவர்களின் ஏச்சையெல்லாம் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தால் மாமியார். ரத்தக் கொதிப்பு ஏறியபோது டாக்டர் சொன்னார், "நாலு தொட்டி செடி வைங்க. மனசுல இருக்கறத எங்கயாவது கொட்டிடுங்க."

இரண்டையும் அவள் ஒரே இடத்தில் செய்தாள். நோயாளிகளைத் திட்டுவது ரோஜாவிடம், மாமியாரைத் திட்டுவது மிளகாய்ச் செடியிடம். மிளகாய் நன்றாகவே காய்த்தது. மாமியார் காலையில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிப் போன பிறகுதான் பூவாளியைத் தொடுவாள். அந்த மட்டும் மரியாதை உண்டு.

"அத்தையைப் பத்திப் பேசுனதும் கேட்டுச்சாக்கா?"

"அதுதானே ஜாஸ்தி."

"டிவிய அலற விடுறாங்கன்னு திட்டினது?"

"கேட்டுச்சு. நீ சமைச்சதுல அவங்க போய் உப்பு அள்ளிப் போடுறது, கதவத் தட்டாம ரூமுக்குள்ள வர்றது, எல்லாம்."

மருமகள் கூனிக் குறுகிப்போனாள். தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் இந்த அம்மாளிடம் எவ்வளவு பதவிசாகச் சிரித்திருக்கிறாள்.

"அக்கா, உங்க கால்ல வேணாலும் விழுறேன். அத்தை காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. வாய் கூசாம பேசியிருக்கேன். இன்னிக்குக் காலையில கூட..."

"மக வீட்டுக்குப் போய்த் தொலைஞ்சா நிம்மதியா மூச்சு விடலாம்னு சொன்ன."

இன்னொருவர் வாயால் கேட்டபோது, அதைச் சொன்னது தான்தானா என்று இருந்தது. அவளால் தலை நிமிர முடியவில்லை. வெட்கமாக இருந்தது. பூவாளியைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவத்துல வந்துடுச்சுக்கா, மனசார சொல்லல. நெசமா சொல்றேன், செடி வச்சதுல இருந்து எங்களுக்குள்ள சண்டையே இல்ல. இங்க வந்து திட்டித் தீத்துட்டா மனசு லேசாயிடுது. நம்ம மனசு லேசானா எதிராளியும் நல்லவங்களா ஆயிடுறாங்க போல. டிவிய இப்பல்லாம் அவங்களே சின்னதா வச்சுக்கிறாங்க. நான் சமைச்சதத் தொடுறது இல்ல. கதவத் தட்டிட்டுதான் உள்ள வர்றாங்க. டாக்டர் வைத்தியம் பலிச்சிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் பெருமையடிச்சிட்டிருக்கேன்."

தையல்காரம்மா அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

"சொல்லிட மாட்டீங்கல்லக்கா? வாக்கிங் முடிஞ்சு வர்ற நேரம்," என்று மருமகள் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

"நான் எதுக்கும்மா சொல்லணும்? முட்டி வலின்னு அவங்க வாக்கிங்க விட்டு மாசக்கணக்காச்சு. வீட்டுல சொன்னா வைத்தியச் செலவுன்னு நீங்க சங்கடப்படுவீங்களாம். தினமும் என் பால்கனியிலதான் எனக்கு பட்டன் தெச்சுக் குடுத்துட்டு உக்காந்திருப்பாங்க."

தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பவும் அங்கதான் இருக்காங்க. 'அவ கொறப்பட்டதையெல்லாம் ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டேன், இது ஒண்ணுதான் பாக்கி'ன்னு மகளுக்கு போன் பண்ணிட்டாங்க. அவங்க துணிமணியெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லித்தாம்மா என்னை மேல அனுப்பியிருக்காங்க."